தூரமாவதற்கு முந்தைய வாரம்: பி.எம்.எஸ். பற்றி ஓர் எளிய விளக்கம்

தருமபுரி மாவட்டத்தில் காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் என் அண்ணி வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பால் கணக்கு இருக்கும்: காலை நாலு லிட்டர், சாயங்காலம் மூணு. நடுவில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம், பக்கத்தில் 'ஊசி' என்று எழுதியிருக்கும். மாட்டுக்குச் சினை ஊசி போட்ட நாள் அது. அதிலிருந்து இருபத்தோரு நாள் எண்ணி இன்னொரு வட்டம். அன்றைக்கு மாடு மறுபடி கத்தினால் சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

போன வருஷம் ஒரு நாள் அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, உங்க தேதி எங்க?" என்று கேட்டேன்.

"என் தேதியா? என்ன தேதி?"

"தூரமாகுற தேதி." மாதவிடாயை எங்கள் பக்கத்தில் தூரம் என்றுதான் சொல்வோம்.

"அத எதுக்கும்மா எழுதணும்? வந்தா தெரியாதா?"

நான் சும்மா கேட்கவில்லை. அதற்கு மூன்று நாள் முன்பு ராத்திரி அண்ணி களி கிண்டிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்த பையன், "களி கட்டி கட்டியா இருக்கும்மா" என்றான். அவ்வளவுதான். அண்ணி துடுப்பைச் சட்டியிலேயே போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழ ஆரம்பித்தார். அரை மணி நேரம் அழுகை நிற்கவில்லை. அண்ணன் ஒன்றும் புரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் அண்ணி தனித் தட்டு, தனி டம்ளரோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. அன்றைய அழுகையையும் இன்றைய தூரத்தையும் அந்த வீட்டில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, அண்ணியும் உட்பட.

நான் பதினாறு வருஷமாக மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். மாதவிடாய்ச் சுழற்சியின் படத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஈஸ்ட்ரோஜன் கோடு இப்படி ஏறும், புரோஜெஸ்டிரான் கோடு இப்படி இறங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், அந்தக் கோடு இறங்கும் நாட்களில் மனசும் இறங்கலாம் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மாதவிடாய் வருவதற்குச் சில நாட்கள் முன்னால் உடம்பிலும் மனசிலும் தோன்றி, மாதவிடாய் வந்த சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும் தொல்லைகளைத்தான் மாதவிடாய்க்கு முந்தைய அறிகுறித் தொகுப்பு என்கிறார்கள். ஆங்கிலப் பெயரின் சுருக்கமான பி.எம்.எஸ். என்பதே இப்போது பிள்ளைகள் வாயில் புழங்குகிறது. 1931-ல் ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க மருத்துவர் இதை 'மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம்' என்று விவரித்தார். 1953-ல் இங்கிலாந்தில் காதரினா டால்டன், ரேமண்ட் கிரீன் என்ற இருவர் இப்போதுள்ள பெயரில் எழுதினார்கள். பெயர் வைத்து நூறு வருஷம்கூட ஆகவில்லை. நம் ஆயாக்கள் காலத்திலும் இது இருந்தது. 'அவளுக்கு அப்பப்ப சாமி வந்த மாதிரி ஆயிடும்' என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார்கள்.

மாட்டுச் சுற்றும் நம் சுற்றும்

அண்ணிக்கு நான் விளக்கியது மாட்டை வைத்துத்தான். மாட்டுக்கு இருபத்தோரு நாள் சுற்று. நமக்குச் சராசரியாக இருபத்தெட்டு நாள். வளர்ந்த பெண்களுக்கு இருபத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து நாள்வரை இருந்தாலும் அது இயல்புதான். இரத்தப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாள் என்று வைத்து எண்ண வேண்டும்.

முதல் பாதியில் சூலகத்தில் ஒரு முட்டைப்பை வளர்கிறது. அது ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அடுத்த தூரத்துக்கு ஏறத்தாழ பதினாலு நாள் முன்பு முட்டை வெளியேறுகிறது. முட்டை போனபின் அந்தப் பை வீணாகப் போவதில்லை. மஞ்சள் நிறமாக மாறிப் புரோஜெஸ்டிரானைச் சுரக்க ஆரம்பிக்கிறது. பாடப்புத்தகத்தில் இதைக் கார்பஸ் லூட்டியம் என்போம். கருப்பைக்கு மெத்தை விரித்து வைப்பது இதன் வேலை. கரு தங்கினால் இது நிலைத்திருக்கும். தங்காவிட்டால் பத்துப் பதினாலு நாளில் சுருங்கிவிடும். அப்போது இரண்டு ஹார்மோன்களும் சடசடவென்று இறங்கும், மெத்தை கலையும், தூரம் வரும். மாட்டுக்கும் இதே மஞ்சள் பைதான். சினை பிடித்தால் அது நிற்கும், பிடிக்காவிட்டால் கரையும், மாடு மறுபடி கத்தும்.

பி.எம்.எஸ். வருவது இந்த இரண்டாம் பாதியில்தான், அதிலும் பெரும்பாலும் கடைசி ஒரு வாரத்தில். முட்டை வெளியேறினால்தான் இது உண்டு. வயசுக்கு வராத பிள்ளைக்கு இது கிடையாது, கர்ப்பிணிக்குக் கிடையாது, மாதவிடாய் முற்றிலும் நின்றுபோனவருக்கும் கிடையாது.

"அப்ப எனக்கு அந்தத் தண்ணி அதிகமா ஊறுதா?" என்று அண்ணி கேட்டார். ஹார்மோனைத்தான் சொன்னார். நல்ல கேள்வி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பி.எம்.எஸ். உள்ள பெண்ணின் இரத்தத்தைச் சோதித்தால் ஹார்மோன் அளவு மற்றவர்களைப் போலவேதான் இருக்கும். 1998-ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மருந்து கொடுத்துச் சூலகத்தின் சுரப்பை நிறுத்தியபோது பி.எம்.எஸ். இருந்த பெண்களில் பலருக்குத் தொல்லை குறைந்தது. பிறகு ஹார்மோனை இயல்பான அளவில் வெளியிலிருந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு மட்டும் தொல்லை திரும்பி வந்தது. பி.எம்.எஸ். இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன், அதே அளவு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே அடுப்படியில் மிளகாய் வறுக்கிறோம். ஒருத்திக்குத் தும்மல் நிற்காது, கண்ணில் நீர் கொட்டும். பக்கத்தில் நிற்பவள் சாதாரணமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். நெடி ஒன்றுதான், வாங்கிக்கொள்ளும் மூக்குதான் வேறு. இங்கே மூக்கு என்பது மூளை. புரோஜெஸ்டிரான் உடைந்து உண்டாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையைச் சாந்தப்படுத்த வேண்டியது. சிலருடைய மூளை அதற்கு நேர்மாறாகத் தவிப்போடு எதிர்வினை செய்கிறது. மனநிலையைச் சமன்படுத்தும் செரோட்டோனினும் இந்த ஏற்ற இறக்கத்தில் தடுமாறுகிறது. ஆகவே இது கொழுப்பும் இல்லை, திமிரும் இல்லை, வளர்ப்பு சரியில்லாததும் இல்லை. இதைத்தான் அண்ணியிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன்.

வளையல் இறுகும் நாட்கள்

அறிகுறிகள் என்று மருத்துவ நூல்களில் நூற்றுக்கும் மேல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலைவிட நம் பெண்கள் சொல்லும் சொற்கள்தான் தெளிவாகத் தெரிகின்றன. 'மார் கனக்குது, ஜாக்கெட் ஊக்கு போட முடியல.' 'வயிறு உப்பிக்கிட்டு நிக்குது.' 'இடுப்பு விட்டுப் போகுது.' 'கால் குடைச்சல்ல தூக்கமே இல்ல.' 'கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, ஏன்னே தெரியல.' 'யார் பேசினாலும் எரிச்சலா வருது.' 'ஒண்ணும் ஓட மாட்டேங்குது.' சிலருக்கு இனிப்புத் தேடும், சிலருக்குக் காரம் தேடும். சிலர் நாள் முழுக்கத் தூங்குவார்கள், சிலருக்குக் கண்ணே மூடாது.

அண்ணிக்குக் கண்ணாடி வளையல் இறுகும். கழற்றப் பார்த்தால் மணிக்கட்டு எலும்பைத் தாண்டாது, மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் விழுந்திருக்கும். உடம்பில் தண்ணீர் தங்குவதால் வரும் வீக்கம் அது. தூரமான இரண்டாம் நாள் அதே வளையல் முழங்கைவரை வழுக்கி ஏறும். வருஷக்கணக்காக அதைப் பார்த்தவர்தான், அது எதற்கு என்று மட்டும் யோசித்ததில்லை.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தூரமான முதல் நாளும் இரண்டாம் நாளும் அடிவயிற்றைப் பிசையும் வலி பி.எம்.எஸ். அல்ல. அது மாதவிடாய் வலி. கருப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளால் வருவது. அதற்கு வைத்தியம் வேறு. இரண்டும் ஒருத்திக்கே இருக்கலாம் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

அறிகுறி எது என்பதைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் பி.எம்.எஸ்.ஸை அடையாளம் காட்டும். எரிச்சல் யாருக்குத்தான் இல்லை? கடன்காரன் வாசலில் நின்றால் வரும், தக்காளி விலை கிலோ மூன்று ரூபாய்க்குப் போனால் வரும். மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான். தூரத்துக்கு முந்தைய ஐந்து நாட்களில் தொல்லை இருக்க வேண்டும். தூரமாகி நாலு நாளுக்குள் அடங்க வேண்டும். அடங்கியது குறைந்தது பதின்மூன்றாம் நாள்வரை எட்டிப் பார்க்கக் கூடாது. அன்றாட வேலையையோ வீட்டு உறவுகளையோ அது கெடுக்க வேண்டும். அடுத்தடுத்த மாதங்களிலும் இப்படியே நடக்க வேண்டும். லேசாக மார் கனத்து, லேசாகச் சோர்வு வந்து போவது மிகப் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, அதை நோய் என்று சொல்லத் தேவையில்லை.

நூற்றில் மூன்று முதல் எட்டுப் பெண்களுக்கு இது கடுமையாக வரும் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்குத் தனிப் பெயர் உண்டு, பி.எம்.டி.டி. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அது தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. அந்தப் பெண்களுக்கு அந்த வாரம் வெறும் சிடுசிடுப்பு அல்ல. வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குப் போகலாம். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

காலண்டரில் நீலப் புள்ளி

இரத்தச் சோதனையிலோ ஸ்கேனிலோ பி.எம்.எஸ். தெரியாது. அதைக் காட்டும் ஒரே கருவி காலண்டர். கைபேசியில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, வசதிப்பட்டால் அதிலேயே குறிக்கலாம். அண்ணிக்கு நான் நீலப் பேனா ஒன்றை நூலில் கட்டிக் காலண்டர் ஆணியிலேயே தொங்கவிட்டேன். ராத்திரி பால் கணக்கு எழுதும்போதே இதையும் எழுத வேண்டும். நல்லா இருந்தால் ஒன்றும் வேண்டாம். கொஞ்சம் தொல்லை என்றால் ஒரு புள்ளி. வேலை ஓடவில்லை என்றால் இரண்டு. தாங்க முடியவில்லை, அழுதேன், கத்தினேன் என்றால் மூன்று. தூரமான நாளுக்கு ஒரு கோடு.

அன்றன்றைக்கே குறிப்பது முக்கியம். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் மனசு நம்மை ஏமாற்றும். தூரம் வந்தபின் யோசித்தால் போன வாரம் முழுக்கக் கஷ்டப்பட்ட மாதிரியே இருக்கும், நடுவில் சிரித்த நாள் ஞாபகத்துக்கு வராது. இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அண்ணியின் காலண்டரில் புள்ளிகள் கொத்தாக விழுந்திருந்தன. கோட்டுக்கு முன் ஐந்து நாள், சில மாதம் ஆறு நாள். கோட்டுக்கு முந்தின நாள் தவறாமல் மூன்று புள்ளி. கோடு விழுந்த மறுநாள் வெறும் பால் கணக்கு மட்டும். அண்ணன் அதை எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது ஊசித் தேதி மாதிரியே இல்ல வருது?" என்றார்.

அதே சமயத்தில் என் பழைய மாணவி ஒருத்தி ஓசூரிலிருந்து போன் செய்தாள். அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஆலை வேலைக்குப் போய் விடுதியில் தங்கியிருக்கிறாள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். "மிஸ், எனக்கு பி.எம்.எஸ். இருக்கு மிஸ், ரீல்ஸ்ல பாத்தேன், அதுல சொன்ன எல்லாமே எனக்கு இருக்கு" என்றாள். அவளையும் குறிக்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். புள்ளிகள் கொத்தாக இல்லை. மாதம் முழுக்க மழைத் தூறல் மாதிரி விழுந்திருந்தன. தூரக் கோடு எட்டு நாள் நீண்டிருந்தது. மூச்சு வாங்குகிறது, படி ஏற முடியவில்லை என்றும் எழுதியிருந்தாள். ஊருக்கு வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது இரும்புச் சத்தும், அந்த எட்டு நாள் போக்கு எதனால் என்று பார்ப்பதும்தான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. ஆகவே எந்தச் சோர்வையும் பி.எம்.எஸ். என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைச் சோதித்தாக வேண்டும். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு, இதே வீக்கம், இதே மனச்சோர்வு வரும். மாதம் முழுக்க இருக்கும் மனச்சோர்வு தூரத்துக்கு முன் இன்னும் கூடித் தெரியலாம். ஒற்றைத் தலைவலியும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மாதவிடாய் நிற்கப் போகும் காலத்துத் தடுமாற்றமாகவும் இருக்கலாம். காலண்டர் 'இது பி.எம்.எஸ்.' என்று காட்டுவது போலவே 'இது பி.எம்.எஸ். இல்லை' என்றும் காட்டிவிடும். இரண்டாவது உதவியை நான் சிறிதாக நினைப்பதில்லை.

ஓய்வு தப்பான நாளில் கிடைக்கிறது

தூரமானால் அடுப்படிக்கு வரக்கூடாது, தனியே உட்கார வேண்டும் என்ற வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. "அந்த மூணு நாளாவது உக்கார விடறாங்களே" என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். தீட்டு என்று ஒரு பெண்ணை ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ஓய்வு வேண்டும், ஒதுக்குதல் வேண்டாம். ஆனால் அண்ணியின் காலண்டரைப் பார்த்தபின் எனக்கு இன்னொன்று உறைத்தது. பி.எம்.எஸ். உள்ள பெண்ணுக்குத் தூரமானதும் மனசு லேசாகிவிடுகிறது. அவளுக்கு மிகக் கஷ்டமான நாட்கள் அதற்கு முந்தையவை. அந்த நாட்களில் அவள்தான் பால் கறக்கிறாள், சாணி வழிக்கிறாள், களி கிண்டுகிறாள், தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள், திட்டும் வாங்குகிறாள். ஓய்வு அவளுக்குத் தேவைப்பட்ட வாரம் போனபின்தான் வருகிறது.

அதனால் முதல் வைத்தியம் வேலையை நகர்த்துவதுதான். நாள் தெரிந்துவிட்டால் சில வேலைகளை முன்னாலோ பின்னாலோ தள்ளலாம். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, விருந்து கூப்பிடுவது, கொழுந்தனாரோடு நிலக் கணக்குப் பேசுவது, இதெல்லாம் புள்ளி விழும் வாரத்தில் வேண்டாம். தள்ள முடியாத வேலைகளை வேறு கை வாங்கிக்கொள்ள வேண்டும்.

உடற்பயிற்சி செய்யுங்கள் என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதியிருக்கும். விறுவிறுப்பான நடை, சைக்கிள் போன்றவை பி.எம்.எஸ்.ஸின் தொல்லைகளைக் குறைக்கின்றன என்பதற்கு ஆதாரம் உண்டு. என்னைப் போல நாற்காலி வேலை பார்ப்பவர்கள் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அரைமணி நேரம் நடக்கலாம். ஆனால் காலை ஐந்திலிருந்து குனிந்து களையெடுத்துவிட்டு வரும் பெண்ணிடம் 'வாக்கிங் போ' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு வேண்டியது தூக்கம். ராத்திரி ஷிப்ட் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஷிப்ட் முடிந்து வந்ததும் கைபேசியைத் தள்ளி வைத்து, ஜன்னலை மறைத்துத் தொடர்ச்சியாகத் தூங்குவதற்கு அந்த வாரத்தில் ஒரு வழி செய்துகொள்ளட்டும்.

சாப்பாட்டில் எனக்கு நம்பிக்கை தருவது கால்சியம். 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 466 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றாம் சுற்றில் கால்சியம் பிரிவில் தொல்லை 48 சதவீதம் குறைந்தது. வெறும் மாத்திரை வாங்கியவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது. மாயம் ஒன்றுமில்லை, ஆனால் வித்தியாசம் இருக்கிறது. நம் கையில் இருப்பது என்ன? நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ராகி விளையும் மண். 2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கவும் தொடங்கினார்கள். ஒரு வேளை களி, ஒரு சொம்பு ராகிக் கூழ், கூட முருங்கைக்கீரை, எள்ளுருண்டை என்றாலே பாதிக் கால்சியம் வந்துவிடும்.

மீதிக்குப் பால். இங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி வீட்டு மாடு ஒரு நாளைக்கு ஏழு லிட்டர் கறக்கிறது. அத்தனையும் சொசைட்டிக் கேனுக்குப் போகிறது. பையனுக்கு மட்டும் ஒரு டம்ளர் எடுத்து வைப்பார். அவர் குடிப்பது வரக்காப்பி. இருநூறு மில்லி பாலில் 240 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது என்று சொன்னேன். "ஒரு டம்ளருன்னா மாசத்துக்கு ஆறு லிட்டராச்சே" என்று உடனே கணக்குப் போட்டார்.

மாத்திரையாகவே கால்சியம் எடுப்பதென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள், முக்கியமாகச் சிறுநீரகக் கல் வந்தவர்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாது. இரும்பு மாத்திரையோடு டீயும் வேண்டாம்.

உப்பைக் குறைத்தால் வீக்கம் குறையும் என்பார்கள். அதற்குப் பெரிய ஆய்வு ஆதாரம் இல்லை என்றாலும், வளையல் இறுகும் நாட்களில் கருவாட்டையும் ஊறுகாயையும் தள்ளி வைப்பதில் நஷ்டம் இல்லை. பட்டினி கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை சாப்பிடுவது எரிச்சலைத் தணிக்கும். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. வைட்டமின் பி-6 சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், ஆனால் அதிக அளவில் நீண்ட நாள் விழுங்கினால் நரம்பு கெடும், கை கால் மரத்துப் போகும். ஐரோப்பாவில் வைடெக்ஸ் என்ற செடியின் கனியை இதற்குக் கொடுக்கிறார்கள், ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. நம் வேலியோரத்து நொச்சி அதன் உறவுச் செடிதான், ஆனால் அதே செடி அல்ல. அதைப் படித்துவிட்டு நொச்சி இலையை அரைத்துக் குடிக்க வேண்டாம். நொச்சி ஆவி பிடிக்கவே போதும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாரியம்மன் திருவிழா, கல்யாணம் என்றால் மெடிக்கல் கடையில் 'தூரம் தள்ளிப்போற மாத்திரை' வாங்கிப் போடுவது எங்கள் ஊரில் சாதாரணம். அதில் இருப்பது புரோஜெஸ்டிரான் வகை மருந்து. பி.எம்.எஸ். உள்ள பெண்ணுக்கு அது அதே எரிச்சலையும் அழுகையையும் கிளப்பிவிடலாம், திருவிழா முழுக்க அதோடு இருக்க வேண்டிவரும். இரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு இன்னும் கெடுதல். டாக்டர் சொல்லாமல் அதை வாங்காதீர்கள்.

மருந்தைப் பற்றி

மேலே சொன்னதெல்லாம் செய்தும் மூன்று புள்ளி குறையவில்லை என்றால் மருந்து இருக்கிறது, நல்ல பலன் தரும் மருந்து. செரோட்டோனின் வகை மாத்திரைகளை, ஃப்ளுஆக்செடின், செர்ட்ராலின் போன்றவற்றை, டாக்டர்கள் கொடுப்பார்கள். 'பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரையா?' என்று பயப்படுகிறார்கள். மனச்சோர்வுக்கும் இதே மாத்திரைதான், உண்மை. ஆனால் மனச்சோர்வில் அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், பி.எம்.எஸ்.ஸில் சில நாட்களிலேயே பலன் தெரியும். சிலருக்கு மாதம் முழுக்கக்கூடப் போட வேண்டியதில்லை, இரண்டாம் பாதியில் மட்டும் போட்டால் போதும். முட்டை வெளியேறுவதை நிறுத்தும் கருத்தடை மாத்திரைகளில் சில வகைகளும் உதவும். எண்ணங்களைக் கையாளப் பழக்கும் பேச்சு சிகிச்சையும் உண்டு. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாத்திரை அட்டையைக் கடன் வாங்காதீர்கள்.

எங்கே போவது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். ஹீமோகுளோபினை அங்கேயே பார்த்துவிடலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. போகும்போது காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துப் போங்கள். கூட்டத்தில் டாக்டருக்கு உங்களுக்காகக் கிடைப்பது சில நிமிஷம்தான். மூன்று மாதத் தாளை மேஜையில் வைத்தால் நீங்கள் பத்து நிமிஷம் பேசுவதை அது ஒரு பார்வையில் சொல்லிவிடும். 'சும்மா பொம்பளைங்களுக்கு இருக்கிறதுதான்' என்று சொல்லி யாராவது அனுப்பிவிட்டால், அந்தத் தாளோடு இன்னொரு டாக்டரிடம் போங்கள். எனக்கு அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. நான் வீட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் இருக்காதீர்கள்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் அந்த வாரத்தில் வருகிறதென்றால் அடுத்த தூரம்வரை காத்திருக்க வேண்டாம், காலண்டர் குறிக்கவும் வேண்டாம். அன்றைக்கே சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104-ம் உண்டு. வீட்டில் ஒரு பெண் மாதாமாதம் அந்தச் சில நாட்களில் இப்படிப் பேசுகிறாள் என்றால், 'ரெண்டு நாள்ல சரியாயிடுவா' என்று விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவைப் பூட்டி வையுங்கள், அவளைத் தனியே விடாதீர்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதி தெரிந்துவிட்டது என்பதற்காக, அவள் கோபப்படும்போதெல்லாம் "தூரம் வரப்போகுதா?" என்று கேட்காதீர்கள். அவள் சொல்லும் குறை பெரும்பாலும் மாதம் முழுக்க உண்மையாகவே இருக்கும், மற்ற நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். களி கிண்டிய கைக்கு நன்றி சொல்லாதது முதல் தேதியிலும் குறைதான், இருபத்தைந்தாம் தேதியிலும் குறைதான். அவள் கோபத்தைத் தேதியைக் காட்டித் தள்ளிவிடாமல், அந்த வாரம் அவள் கையிலிருந்து எந்த வேலையை வாங்கலாம் என்று பாருங்கள்.

அண்ணி இன்னும் மருந்துக்குப் போகவில்லை. மூன்று புள்ளி விழுந்த நாள் இப்போது பெரும்பாலும் இரண்டு புள்ளியாகி இருக்கிறது. ஒன்றிரண்டு மாதம் மூன்றும் விழுகிறது. இந்த வருஷக் காலண்டரில் ஊசிக்குச் சிவப்பு, அவருக்கு நீலம். போன வாரம் நான் போனபோது பையன் கதவுக்குப் பின்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "அத்தை, நாளையில இருந்து நாலு நாளைக்கு நான்தான் சொசைட்டிக்குப் போறேன்" என்றான். கேனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொம்பு மூடி வைத்திருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு டம்ளர் பால்.